ரிவெர்ப் ஏன் தகரம் மாதிரி ஒலிக்குது? மாடுலர் சிந்தசைசரில் 'டேம்பிங்', 'மாடுலேஷன்' செய்யும் வேலை என்ன?

வீடு மாறும்போது இதை எல்லோருமே கவனித்திருப்பார்கள். சாமான்கள் எல்லாம் வண்டியில் ஏறியபிறகு காலி ஹாலில் நின்று பேசினால், நம்ம குரலே நமக்கு வேறு மாதிரி கேட்கும். கட்டில், மெத்தை, திரைச்சீலை எல்லாம் இருந்தவரை அவை விழுங்கிக்கொண்டிருந்த சத்தம், இப்போது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வருகிறது. வாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் காற்றில் நிற்கிற இந்த மிச்சச் சத்தத்துக்குத்தான் ரிவெர்ப் என்று பெயர்.

எதிரொலி வேறு, இது வேறு. சத்தம் காற்றில் விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் மோதித் திரும்ப கிட்டத்தட்ட 0.1 விநாடி ஆகும். அந்த அளவு இடைவெளி இருந்தால் 'ஹலோ... ஹலோ' என்று தனித்தனியாகக் கேட்கும். அறைக்குள் திரும்பி வருகிற ஒலிகள் அதைவிட நெருக்கமாக, ஆயிரக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால் காது அவற்றைப் பிரிக்க முடியாமல் ஒரே 'வால்' போலக் கேட்கிறது.

எலெக்ட்ரானிக் இசையில் பிரச்னை என்னவென்றால், சிந்தசைசருக்கு அறையே கிடையாது. சத்தம் ஒயரில் பிறந்து ஒயரிலேயே ஸ்பீக்கருக்குப் போகிறது. அதனால் அறையைப் பொய்யாகச் செய்து கொடுக்க வேண்டும். விலை கொடுத்து ரிவெர்ப் மாடுல் வாங்கியவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, 'தகர டப்பாவுக்குள்ள பேசுற மாதிரி இருக்கு'. இன்னொன்று, 'சுருதி ஆடுது'. இரண்டுக்கும் காரணமும் தீர்வும் டேம்பிங், மாடுலேஷன் என்ற இரண்டு குமிழ்களுக்குள் இருக்கிறது.

மாடுலர் சிந்தசைசர்னா என்ன?

கீபோர்டு மாதிரி ஒரே பெட்டியாக வராமல், ஒலி உண்டாக்க ஒன்று, வடிகட்ட ஒன்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று என்று தனித்தனி மாடுல்களாக வாங்கி, கேபிளால் இணைத்துக்கொள்ளும் கருவி இது. இன்று அதிகம் புழங்கும் வடிவம் 'யூரோராக்'. ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் கொண்டுவந்த ஏ-100 வரிசையில் இருந்து வளர்ந்தது. 128.5 மில்லிமீட்டர் உயரப் பலகை, 3.5 மில்லிமீட்டர் கேபிள். அதாவது பழைய இயர்போன் முனை.

இதன் சிறப்பு, எல்லாமே மின்னழுத்தம் என்பதுதான். ஒரு குமிழை நீங்கள் கையால் திருப்பலாம். இல்லையென்றால் இன்னொரு மாடுலில் இருந்து வரும் வோல்டேஜ் அதைத் திருப்பும். ரிவெர்பிலும் அப்படியே. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரை நகர்த்தலாம், திரைச்சீலையைப் போடலாம், எடுக்கலாம். நிஜக் கட்டடத்தில் இது நடக்காது.

சுவரே இல்லாமல் அறை எப்படி?

அறையின் மிச்ச ஒலியை முதலில் கணக்குப் போட்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-ல் அங்கே ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று அவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிக்கொண்டு வந்து அரங்கில் போட்டு, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் அவருடைய கணக்கின் துணையோடு கட்டப்பட்டது. சத்தம் 60 டெசிபல் குறைய, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காக அடங்க ஆகும் நேரத்தைத்தான் இன்றும் 'ரிவெர்ப் நேரம்' என்கிறார்கள்.

பிறகு செயற்கை ரிவெர்ப் வந்தது. 1957-ல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் விற்பனைக்கு விட்ட '140' மாடல், ஒரு பெரிய இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு அதிரவைக்கும் பெட்டி. எடை சுமார் 270 கிலோ. ஆசைப்பட்டு வாங்கினால் தூக்க நான்கு பேர் வேண்டும். ஸ்பிரிங் வைத்த ரிவெர்ப்பும் இருந்தது. 1969-ல் லண்டனில் வந்த விசிஎஸ்-3 சிந்தசைசருக்குள்ளேயே ஒரு ஸ்பிரிங் ரிவெர்ப் உண்டு.

கணினியில் ரிவெர்ப் செய்யும் வழியைக் காட்டியவர் பெல் ஆய்வகத்தின் மன்ஃப்ரெட் ஷ்ரோடர். 1960-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கட்டுரைகளின் அடிப்படை மிக எளிது. சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வை, கொஞ்சம் குறை, திரும்ப உள்ளே விடு. இதுதான் 'லூப்'.

ஒரு சின்னக் கணக்கு பார்த்தால் விஷயம் பிடிபடும். 50 மில்லிவிநாடி லூப் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 70 சதவீதம் திரும்புகிறது என்றால், சுற்றுக்குச் சுமார் 3 டெசிபல் இழப்பு. 60 டெசிபல் அடங்க சுமார் 1 விநாடி ஆகும். 90 சதவீதம் திரும்பினால் 3.3 விநாடி. 99 சதவீதம் என்றால் 34 விநாடி. 100 என்றால் அடங்கவே அடங்காது. 'டிகே' என்ற குமிழின் கடைசிக் கால்வாசித் திருப்பில் மட்டும் ஏன் எல்லாம் தலைகீழாக மாறுகிறது என்பதற்கு விடை இதுதான்.

100-ஐத் தாண்டினால்? ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் ஏறும், ஊளையிட ஆரம்பிக்கும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு இதைச் சோதிப்பது காதுக்கு ஆபத்து. லூப் பரிசோதனை எல்லாம் ஸ்பீக்கரில், சத்தம் குறைத்து வைத்துக்கொண்டு செய்வதுதான் சரி.

டேம்பிங்: வாலின் நுனியை மழுக்குவது

மேலே சொன்ன எளிய லூப்பில் ஒரு குறை இருக்கிறது. கீச்சு ஒலி, அடித்தொண்டை ஒலி இரண்டும் ஒரே வேகத்தில் அடங்கும். நிஜ அறையில் அப்படி நடக்காது. துணி, மனிதர்கள், காற்றே கூட உயர் அதிர்வெண்களைத்தான் முதலில் விழுங்கும். பெரிய மண்டபத்தில் கை தட்டினால் முதலில் 'டப்' என்று தெளிவாக, போகப் போக 'ம்ம்ம்' என்று மங்கலாகக் கேட்பது இதனால்தான்.

அதைச் செய்ய, லூப்புக்குள் ஒரு லோ-பாஸ் ஃபில்டரை வைக்கிறார்கள். ஜேம்ஸ் மூரர் 1979-ல் எழுதிய கட்டுரை ஷ்ரோடரின் லூப்புகளுக்குள் இப்படி ஃபில்டர் வைப்பதை விரிவாக விளக்கியது. இன்று கிட்டத்தட்ட எல்லா டிஜிட்டல் ரிவெர்பிலும் 'டேம்பிங்' என்றால் இதுதான்.

ரிவெர்ப் வெளியே வந்தபிறகு ஈக்வலைசரில் ட்ரெபிளைக் குறைத்தால் அதே பலன் வராதா என்ற கேள்வி அடிக்கடி வரும். வராது. வெளியே வைக்கும் ஃபில்டர் வாலின் தலை முதல் நுனி வரை ஒரே அளவு வெட்டும். உள்ளே வைத்த ஃபில்டர் சுற்றுக்குச் சுற்று வெட்டும். கீச்சு ஒலி ஒரு சுற்றுக்கு கூடுதலாக வெறும் 1 டெசிபல் இழந்தால் போதும், இருபதாவது சுற்றில் அது 20 டெசிபல் பின்தங்கிவிடும். தொடக்கம் பளிச்சென்று இருக்கும், முடிவு மெத்தென்று இருக்கும். முன்னதில் போர்வையைப் போட்டு மூடிய மாதிரி இருக்கும், பின்னதில் அறை மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை காது பிடித்துக்கொண்டால் பிறகு விடாது.

பாடும் குரலில் 'ஸ', 'ச' வரும் இடங்களில் நீளமான ரிவெர்ப் 'ஸ்ஸ்ஸ்' என்று தெறிப்பதும், ஹை-ஹாட் தாளம் மழைபோல நிற்பதும் டேம்பிங் போதாததன் அறிகுறி. எதிர்ப்பக்கமும் உண்டு. சில மாடுல்களில் லூப்புக்குள் ஹை-பாஸும் இருக்கும், அது அடித்தொனியை முதலில் அடக்கும். நான்கு விநாடி ரிவெர்பில் பேஸ் டிரம்மை விட்டுப் பார்த்தால் அது ஏன் தேவை என்று உடனே தெரியும். எல்லாம் சேறாகிவிடும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம். பழைய தகட்டு ரிவெர்பில் 'டேம்பர்' என்பது தகட்டின் அருகே நகர்த்தும் உறிஞ்சுபலகை. அது வாலின் மொத்த நீளத்தைக் குறைக்கும். டிஜிட்டலில் டேம்பிங் என்றால் பொதுவாகக் கீச்சு ஒலியின் நீளத்தை மட்டும் குறைப்பது. பலகையில் எழுதியிருக்கும் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். சவுண்ட்ஹாக் மென்பொருளால் அறியப்பட்ட டாம் எர்ப்போடு சேர்ந்து மேக் நாய்ஸ் நிறுவனம் செய்த 'எர்ப்-வெர்ப்' மாடுலில் 'அப்சார்ப்' என்று ஒரு குமிழ் இருக்கிறது. இன்னொன்றில் 'டோன்' என்று இருக்கும். திசையும் மாறும். 'டேம்பிங்' என்று எழுதியிருந்தால் வலப்பக்கம் திருப்பத் திருப்ப மங்கும், 'கட்ஆஃப்' என்று எழுதியிருந்தால் அதே திருப்பில் பளிச்சிடும். கையேட்டைப் படிக்காமல் கேபிளைச் செருகினால் நாம் நினைத்ததற்கு நேர்மாறாக நடக்கும்.

தகரச் சத்தம் எங்கிருந்து வருது?

இப்போது பெரிய புகாருக்கு வரலாம். ஒவ்வொரு அறைக்கும் அது விரும்பி ஒலிக்கும் சில அதிர்வெண்கள் இருக்கும். குளியலறையில் ஒரு குறிப்பிட்ட சுரத்தைப் பாடும்போது மட்டும் 'கும்' என்று தூக்கிக் கொடுக்குமே, அதுதான். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள சாதாரண அறையில், 1000 ஹெர்ட்ஸுக்குள் மட்டும் இப்படி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வெண்கள் உண்டு. அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், மேலே போகப் போக எதுவும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது.

செயற்கை ரிவெர்பில் இந்த எண்ணிக்கை, லூப்புகளின் மொத்த நீளத்தைப் பொறுத்தது. எல்லா டிலேயும் சேர்ந்து 0.3 விநாடி என்றால், 1000 ஹெர்ட்ஸுக்குள் சுமார் 300 அதிர்வெண்கள்தான். இருபதில் ஒரு பங்கு. அதில் சில மட்டும் மற்றவை அடங்கியபிறகும் நின்று 'ணிங்ங்' என்று ரீங்காரமிடும். காது அதைத்தான் தகரம் என்கிறது.

டிலேயைக் கூட்டினால் போதுமே? இன்று கூட்டலாம். 1970-களில் நினைவகச் சிப்புகளின் விலை யானை விலை. 1978-ல் லெக்ஸிகான் நிறுவனத்துக்காக டேவிட் கிரீசிங்கர் செய்த '224' கருவி இருந்ததை வைத்தே சமாளித்தது. வழி, டிலேயின் நீளத்தை நிற்கவிடாமல் லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பது. அந்தக் கருவியில் அதற்கு 'மோட் என்ஹான்ஸ்மென்ட்' என்று பெயர். நாம் மாடுலேஷன் என்கிறோம். நீளம் மாறினால் அந்த அறை விரும்பும் அதிர்வெண்ணும் மாறும். எந்த ஒன்றும் ஊன்றி நின்று ரீங்காரமிட நேரம் கிடைக்காது.

அதாவது நிஜச் சுவர் நகராது. மாடுலேஷன் ஒரு பற்றாக்குறையை மறைக்கச் சொன்ன பொய். ஆனால் அந்தப் பொய்யின் பட்டுப்போன்ற மிதப்பு மக்களுக்குப் பிடித்துப்போய், பின்னாளில் அதுவே ஒரு தனி அழகாகிவிட்டது. ஜான் டாட்டோரோ 1997-ல் இந்தக் கிரீசிங்கர் பாணி வடிவமைப்பை ஆடியோ பொறியாளர்களின் ஆய்விதழில் விளக்கமாக வெளியிட்டார். மாடுலர் உலகில் இன்று கேட்கும் ரிவெர்புகளில் பலவற்றின் வேர் அந்தக் கட்டுரைதான். எமிலி ஜிலே உருவாக்கிய 'மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' மாடுல்களின் ரிவெர்பும் கிரீசிங்கர் குடும்பம்தான். அந்த நிரல் திறந்த மூலமாகவே கிடைக்கிறது.

சுருதி ஏன் ஆடுது?

ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போகும்போது சைரனின் சுருதி இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவு இங்கேயும் நடக்கிறது. டிலே நீளும்போது சுருதி இறங்கும், குறையும்போது ஏறும். எவ்வளவு என்பதை இரண்டு குமிழ்கள் தீர்மானிக்கின்றன: வேகம், ஆழம். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனெனில் இரண்டும் பெருக்கலில் வருகின்றன.

இருபக்கமும் அரை மில்லிவிநாடி ஆழத்தில் விநாடிக்கு ஒருமுறை ஆட்டினால், சுருதி அதிகபட்சம் 5 சென்ட் விலகும். ஒரு செமிடோன், அதாவது கீபோர்டில் பக்கத்துக் கட்டை, 100 சென்ட். எனவே இது கிட்டத்தட்ட காதில் படாது. அதே ஆழத்தில் வேகத்தை ஐந்து மடங்காக்கினால் 27 சென்ட். இப்போது தெளிவாகவே பிசகும். போதாக்குறைக்கு ஒவ்வொரு சுற்றிலும் இந்த விலகல் மேலும் மேலும் ஏறிக் கலங்குவதால், நீளமான வாலில் இது பெருகும். டிகே கூட்டும்போது ஆழத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எந்த ஒலியை உள்ளே விடுகிறோம் என்பதும் முக்கியம். வயலின், குரல், சிந்தசைசர் பேட் எல்லாம் இயல்பிலேயே கொஞ்சம் அசைபவை. மாடுலேஷன் அவற்றுக்கு அழகு சேர்க்கும். பியானோ அப்படியல்ல. அடித்தபிறகு அதன் சுருதி அசையாது என்று காதுக்குத் தெரியும். பியானோவுக்கு மாடுலேஷனை அளவுக்கு மீறி வைத்தால் பழைய டேப் கேசட் இழுத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டு குமிழும் ஒன்றையொன்று தொடும் இடம்

டேம்பிங்கையும் மாடுலேஷனையும் தனித்தனியாகத்தான் எல்லோரும் விளக்குவார்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

அரை மில்லிவிநாடி என்பது 2000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஒரு முழு அலை. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலையில் இருபதில் ஒரு பங்குதான். ஆகவே லேசான மாடுலேஷன் கீச்சுப் பகுதியை நன்றாகக் கலக்கும், அடித்தொனியைத் தொடவே தொடாது. டேம்பிங்கை அதிகம் வைத்தால் வாலில் மிஞ்சுவது அடித்தொனிதான். அங்கே மாடுலேஷன் வேலை செய்யாது, ரீங்காரம் அப்படியே நிற்கும். ஆழத்தைக் கூட்டினாலோ மேல்பகுதியில் சுருதி ஆடும். இந்தக் கயிறிழுப்பில் இருந்து தப்ப ஒரு நல்ல வரிசை: முதலில் மாடுலேஷனை பூஜ்யத்தில் வைத்து, டேம்பிங்கை மட்டும் திருப்பி வேண்டிய நிறத்தைக் கொண்டு வரவேண்டும். தகரச் சத்தத்தில் பாதி அதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு மட்டும் மாடுலேஷன்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. டிஜிட்டல் டிலேயை ஆட்டும்போது இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணித்துப் போட வேண்டியிருக்கும். எளிய முறையில் கணித்தால், அதாவது இரண்டுக்கும் நேர்கோடு போட்டால், அதுவே ஒரு லோ-பாஸ் ஃபில்டராக வேலை செய்யும். மாடுலேஷனைப் போட்டதும் ரிவெர்ப் கொஞ்சம் மங்குகிறதே என்று தோன்றினால் அது பிரமை இல்லை. டாட்டோரோவின் கட்டுரையில் இதைத் தவிர்க்க வேறு கணிப்பு முறை சொல்லப்பட்டிருக்கிறது.

கேபிளைச் செருகும்போது...

மாடுலரில் ரிவெர்ப் மாடுல் இல்லாமலே இதைக் கட்டலாம். மிக்ஸர், அதிலிருந்து டிலே, அதிலிருந்து லோ-பாஸ் ஃபில்டர், அதிலிருந்து விசிஏ, அங்கிருந்து திரும்ப மிக்ஸர். ஃபில்டர்தான் டேம்பிங், விசிஏதான் டிகே. டிலே நேரத்துக்கு ஒரு மெதுவான எல்எஃப்ஓ. நிறைவான ரிவெர்ப் வராது, ஆனால் எந்தக் குமிழ் எதைச் செய்கிறது என்று கைக்குப் புரிந்துவிடும்.

முழு ரிவெர்ப் மாடுல் இருந்தால், எல்எஃப்ஓவை நேராக மாடுலேஷன் அல்லது சைஸ் உள்ளீட்டில் செருகக் கூடாது. யூரோராக்கில் அது பல வோல்ட் ஊசலாடும். கப்பல் ஆடுவது போல் ஆகிவிடும். நடுவில் ஒரு அட்டெனுவேட்டர் கட்டாயம். ஒரே சீரான சைன் அலையைவிட, மெதுவாக வழுக்கிச் செல்லும் ரேண்டம் வோல்டேஜ் மேல்; சீரான ஆட்டத்தை காது சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.

டேம்பிங்குக்கு என்வலப் கொடுப்பதுதான் மாடுலருக்கே உரிய ருசி. தட்டிய கணத்தில் டேம்பிங் திறந்து, ஒரு விநாடியில் மூடிக்கொள்ளும். ஒரே வாலில் முதலில் குளியலறை, பிறகு கம்பளம் விரித்த அறை. தலைகீழாக்கினால் மங்கலில் இருந்து வெளிச்சத்துக்குத் திறக்கும் அறை. ஆனால் அதற்கு லூப்பில் கீச்சு ஒலி மிஞ்சியிருக்க வேண்டும். ஃபில்டர் ஏற்கெனவே தின்றுவிட்டதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வால் ஓடும்போதே புதிய ஒலியைத் தொடர்ந்து உள்ளே விட்டால்தான் அந்த விளைவு கிடைக்கும்.

இதே காரணத்தால், ஒலியை அப்படியே உறைய வைக்க டிகேவை முழுக்க வைத்தவர்கள், டேம்பிங்கை முழுக்கத் திறக்க மறந்தால் சில விநாடிகளில் 'ஊ' என்ற அடித்தொனி மட்டும் மிஞ்சும்.

செலவு பண்ணாம கத்துக்க முடியுமா?

முடியும். 'விசிவி ராக்' என்ற மென்பொருள், யூரோராக்கை அப்படியே கணினித் திரையில் கொண்டுவருகிறது. அடிப்படைப் பதிப்பு இலவசம். அதில் கிடைக்கும் 'பிளாட்டோ' என்ற இலவச ரிவெர்ப் மாடுல் டாட்டோரோ வடிவமைப்பில் எழுதப்பட்டது. உள்ளே ஒரு சிறிய 'டிக்' சத்தத்தை மட்டும் விட்டு, மாடுலேஷன் பூஜ்யம், டேம்பிங் முழுத் திறப்பு, டிகே நீளம் என்று வைத்துக் கேட்டால் தகரம் கேட்கும். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பலாம். மொபைல் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது என்பதால் இந்தச் சோதனையை அதில் செய்வதில் பயனில்லை; ஓரளவு நல்ல ஸ்பீக்கர் வேண்டும். புது மாடுலுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன், கடையில் இந்த 'டிக்' சோதனையை இரண்டு நிமிடம் செய்து பார்த்துவிடுவது நல்லது.